ரோலர் கோஸ்டர்: உயரத்தின் எல்லை

ரோலர் கோஸ்டர் என்பது எஃகுக் குழாயாலோ மரத்தாலோ அமைத்த தண்டவாளத்தில், உயரத்துக்கு ஏற்றியோ வேகமாக உந்தியோ விட்டால் மீதித் தூரத்தைப் பெரும்பாலும் தன் எடையின் பலத்திலேயே ஓடி முடிக்கும் கேளிக்கை வண்டி. சவுதி அரேபியத் தலைநகர் ரியாத்துக்கு அருகே கித்தியா நகரில் 2025 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்ட ‘ஃபால்கன்ஸ் ஃப்ளைட்’ இன்று உயரம் (195 மீட்டர்), வேகம் (மணிக்கு 250 கி.மீ.), நீளம் (4,250 மீட்டர்) மூன்றிலும் உலகில் முதலிடத்தில் இருக்கிறது. இதற்குமேல் எவ்வளவு உயரம் போக முடியும் என்று கேட்டால் பலரும் முதலில் நினைப்பது இரும்பின் பலத்தைத்தான். அது தாங்கும். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அனல்மின் அலகுகளுக்கு 275 மீட்டர் புகைபோக்கி வேண்டும் என்பது இந்தியாவில் நெடுநாளாக இருந்துவந்த விதி. அந்த விதிப்படி எழுந்த புகைபோக்கிகள் வடசென்னையை ஒட்டிய வல்லூரிலும் அத்திப்பட்டிலும் நிற்கின்றன. திருவொற்றியூரில் மொட்டைமாடி ஏறினால் கண்ணில் படும் அவை உலகின் மிக உயரமான கோஸ்டரைவிட 80 மீட்டர் கூடுதல் உயரம். அவ்வளவு உயரத்துக்குக் கட்டுவது வடசென்னைக்குப் பழகிய வேலை. ஆளை உட்காரவைத்து அங்கிருந்து கீழே தள்ளும்போதுதான் வரம்புகள் ஒவ்வொன்றாக முளைக்கின்றன.

நிலக்கரிப் பாதையிலிருந்து வந்த வண்டி

ரஷ்யாவின் பனிச்சறுக்கு மேடுகளைக் கோஸ்டரின் மூதாதை என்பது வழக்கம். இன்னொரு மூதாதை உண்டு, வடசென்னைத் துறைமுகப் பகுதிக்காரர்களுக்கு அதுவே நெருக்கமானது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மாக் சங்க் என்ற ஊரில் 1827இல் ஒரு நிலக்கரி ரயில்பாதை போட்டார்கள். சுரங்கத்திலிருந்து கரி நிரம்பிய பெட்டிகள் சரிவில் தாமாக உருண்டு இறங்கும். காலிப் பெட்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துவரும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அந்தப் பெட்டிகளில் ஏறிக்கொள்ளத் தொடங்கினார்கள். கரி ஏற்றுவது நின்ற பிறகும் ஆள் ஏற்றுவது தொடர்ந்தது. 1884இல் லாமார்கஸ் தாம்சன் நியூயார்க்கின் கோனி தீவில் இதையே கேளிக்கைக்கென்று கட்டினார்: 15 மீட்டர் உயரம், மணிக்குப் பத்து கி.மீ. வேகம், ஐந்து சென்ட் கட்டணம்.

அடுத்து வந்த முக்கியமான மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. 1919இல் ஜான் மில்லர் தண்டவாளத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று சக்கரங்கள் கவ்வியபடி ஓடினால் வண்டி தலைகீழானாலும் கழன்று விழாது. இன்றைய கோஸ்டர்களில் ஏறத்தாழ அனைத்தும் இந்தப் பிடியை நம்பியே ஓடுகின்றன.

பிறகு நெடுங்காலம் உயரம் மெதுவாகத்தான் ஏறியது. 1989இல் ஒஹையோவின் சீடர் பாயின்ட் பூங்காவில் ‘மேக்னம்’ 62 மீட்டரைத் தொட்டது. அதே பூங்காவில் 2000இல் ‘மில்லேனியம் ஃபோர்ஸ்’ 94 மீட்டர். 2003இல் ‘டாப் த்ரில் டிராக்ஸ்டர்’ 128 மீட்டர். 2005இல் நியூஜெர்சியின் ‘கிங்டா கா’ 139 மீட்டர். அதன்பின் இருபது ஆண்டுகள் யாரும் அதைத் தாண்டவில்லை. எஃகு விலையோ பொறியாளர் பஞ்சமோ அதற்குக் காரணமில்லை. காரணங்கள் கீழே வருகின்றன.

சென்னையின் ராட்டினங்கள்

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் முதலில் ஏறிய கோஸ்டர் பூங்காவில் இருப்பதல்ல, திருவிழாத் திடலில் இருப்பது. டிராகன் முகம் வைத்த நாலைந்து பெட்டி, முட்டை வடிவில் ஒரு பாதை, ஓரத்தில் உறுமும் டீசல் ஜெனரேட்டர். தரை மேடுபள்ளமாக இருந்தால் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து மட்டம் பார்ப்பார்கள். ஜெயன்ட் வீல், கொலம்பஸ், டோரா டோரா, மரணக் கிணறு இவற்றோடு சேர்ந்து லாரியில் வந்து, பத்து நாள் ஓடி, போல்ட் கழற்றி அடுத்த ஊருக்குப் போகும். ராயபுரம், காசிமேடு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய திடல் தீவுத்திடல். பொங்கலையொட்டி நடக்கும் அரசுப் பொருட்காட்சியில் இந்த வகை ராட்டினங்கள்தான் கூட்டம் இழுக்கும்.

நிரந்தரப் பூங்காக்கள் எல்லாம் நகரத்தின் தெற்கிலும் மேற்கிலும் அமைந்தன. ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., தாம்பரத்தை ஒட்டி கிஷ்கிந்தா, பூந்தமல்லிப் பக்கம் குயின்ஸ்லேண்ட். கிஷ்கிந்தாவை உருவாக்கியவர் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தா’னைத் தயாரித்த நவோதயா அப்பச்சன். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் 611 கோடி ரூபாய் செலவில் வொண்டர்லா திறக்கப்பட்டது. அங்குள்ள ‘தண்டோரா’ சுவிட்சர்லாந்தின் பாலிகர் அண்டு மாபிலார்ட் நிறுவனத்தின் வண்டி; தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி, கால்கள் காற்றில் ஆட ஓடுவது. இந்த வகையில் அந்நிறுவனம் இந்தியாவுக்குக் கொடுத்த முதல் கோஸ்டர் இது. உயரத்தில் இந்தியாவுக்கு அளவுகோலாக இருப்பது மும்பை-புனே சாலையில் கோபோலி அருகே இமேஜிகா பூங்காவில் 2013 முதல் ஓடும் ‘நைட்ரோ’. அது 40 மீட்டர். கித்தியாவின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

வடசென்னைக்கு ஒரு பூங்காவும் வரவில்லை. அனல்மின் நிலையங்கள், மணலி சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, சரக்குப் பெட்டக முனையம் என்று உயரமான இரும்பெல்லாம் இந்தப் பக்கம் வந்தன. கேளிக்கை இரும்பு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனது. இது தற்செயல் என்று சொல்ல மனம் வரவில்லை.

உயரம் கூடினால் என்ன ஆகும்

உராய்வையும் காற்றையும் கழித்துவிட்டால் கணக்கு எளிது. 100 மீட்டரிலிருந்து விழும் வண்டி அடிவாரத்தில் மணிக்கு 159 கி.மீ. வேகத்தில் இருக்கும். 200 மீட்டர் என்றால் 225. வல்லூர்ப் புகைபோக்கியின் 275 மீட்டரிலிருந்து என்றால் 264. உயரம் இரட்டிப்பானால் வேகம் இரட்டிப்பாகாது, ஒன்றரை மடங்குக்கும் குறைவாகவே கூடும். கட்டுகிறவருக்கு இது முதல் ஏமாற்றம்.

இரண்டாவது, காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். கிங்டா காவை எடுத்துக்கொள்வோம். அது மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கும் வகையல்ல. தரையிலேயே மூன்றரை நொடியில் மணிக்கு 206 கி.மீ. வேகத்துக்கு உந்தி, கோபுரத்தின் மேல் எறியும் வகை. 206 என்பது தடையே இல்லாவிட்டால் 167 மீட்டர் ஏறப் போதுமான வேகம். ஆனால் கோபுரம் 139 மீட்டர்தான். இடையிலுள்ள 28 மீட்டருக்கான ஆற்றல் காற்றிலும் சக்கரத்திலும் கரைந்ததுபோக, மிச்சத்தில்தான் வண்டி உச்சியைத் தாண்டியது. எதிர்க்காற்று பலமாக இருந்தாலோ சக்கரம் குளிர்ந்திருந்தாலோ சில சமயம் தாண்டாமல் பின்னோக்கி வழுக்கி வந்துவிடும். காந்தப் பிரேக்குகள் பிடித்து நிறுத்தும். ஏறியவர்களில் சிலர் இதையே அதிர்ஷ்டமாக எண்ணினார்கள், ஒரே டிக்கெட்டில் இரண்டு சவாரி என்று.

மூன்றாவது, இடம். வேகமாக இறங்கும் வண்டியைக் கீழே வளைத்து மேலே திருப்ப வேண்டும். வளைவு சிறிதானால் பயணி நசுங்குவார். உடம்பின் எடை நாலரை மடங்குக்கு மேல் தெரியக்கூடாது என்று வைத்துக்கொண்டால், வளைவின் ஆரம் வீழ்ச்சி உயரத்தில் பாதிக்குமேல், துல்லியமாகச் சொன்னால் 0.57 பங்கு இருக்க வேண்டும். 200 மீட்டர் வீழ்ச்சிக்கு 114 மீட்டர் ஆரம். 275க்கு 157 மீட்டர். ஒரு மேடும் ஒரு பள்ளமும் மட்டுமே அரை கிலோமீட்டரை விழுங்கிவிடும். ஃபால்கன்ஸ் ஃப்ளைட் நாலேகால் கிலோமீட்டர் நீண்டதும், துவைக் மலைச்சரிவின் விளிம்பைப் பயன்படுத்திக்கொண்டதும் இதனால்தான். உயரத்தில் ஒரு பகுதியை மலை இலவசமாகக் கொடுத்தது.

உடம்பு சொல்லும் வரம்பு

மேலே சொன்ன கணக்கில் ஒரு வலை ஒளிந்திருக்கிறது. அதிகபட்ச விசையை மாற்றாமல் உயரத்தை மட்டும் கூட்டினால், அந்த விசை நீடிக்கும் நேரம் கூடுகிறது. 100 மீட்டர் வீழ்ச்சியின் அடிவளைவில் இறங்கி ஏற ஏறத்தாழ மூன்றரை நொடி. 275 மீட்டரில் அதுவே ஆறு நொடி. மனித உடம்புக்கு அளவும் நேரமும் சேர்ந்துதான் கணக்கு. இருக்கையில் அழுத்தும் விசையில் ரத்தம் தலையிலிருந்து கால் பக்கம் இறங்குகிறது. முதலில் நிறம் மங்கும், பிறகு பார்வையின் ஓரம் இருளும், நீடித்தால் நினைவு தப்பும். ஒரு நொடிக்கு ஆறு மடங்கைத் தாங்குகிறவர் ஐந்தாறு நொடிக்கு நாலரை மடங்கைத் தாங்கத் திணறுவார். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப் 2291, ஐரோப்பாவின் இஎன் 13814 ஆகிய தரவிதிகள் எத்தனை மடங்கு என்பதோடு எத்தனை நொடி என்பதையும் சேர்த்தே வரம்பு கட்டுகின்றன.

இது ஏட்டுக்கணக்கு மட்டுமல்ல. 2010இல் வர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியன் பூங்காவில் 93 மீட்டர் உயர ‘இன்டிமிடேட்டர் 305’ திறந்தபோது, முதல் இறக்கத்தை அடுத்த நீண்ட திருப்பத்தில் பலருக்குக் கண் இருட்டியது. வேகத்தைக் குறைக்கப் பிரேக் போட்டார்கள். பிறகு திருப்பத்தையே விரித்து மாற்றிக் கட்டினார்கள். பழைய உதாரணமும் உண்டு. 1895இல் கோனி தீவின் ‘ஃபிளிப் ஃபிளாப்’ முழு வட்டச் சுழலில் ஓடி, கழுத்தைப் பிடிக்கவைத்தே பேர் வாங்கியது. 1976இல்தான் வெர்னர் ஷ்டெங்கல், அன்டன் ஷ்வார்ட்ஸ்கோப் என்ற ஜெர்மானியர்கள், மேலே குறுகிக் கீழே விரியும் கண்ணீர்த்துளி வடிவச் சுழலால் அந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள்.

முடுக்கத்துக்கும் இதே கதை. ஜப்பானின் ஃபுஜி-கியூ பூங்காவில் ‘டோ-டோடோன்பா’ 1.56 நொடியில் மணிக்கு 180 கி.மீ. எட்டியது. எலும்பு முறிவுப் புகார்கள் வந்ததால் 2021 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். 2024இல் நிரந்தரமாக மூடினார்கள்.

இந்த வரம்பை வேண்டுமென்றே தாண்டினால் என்ன என்று 2010இல் லித்துவேனியக் கலைஞர் யூலியோனாஸ் உர்போனாஸ் ஒரு மாதிரி செய்து காட்டினார். 510 மீட்டர் உயரம், மணிக்கு 360 கி.மீ., அடுத்தடுத்துச் சிறுத்துவரும் ஏழு சுழல், ஒரு நிமிடம் முழுக்கப் பத்து மடங்கு விசை. ஏறியவர் உயிரோடு இறங்கமாட்டார். அதுதான் அதன் நோக்கம். கட்டுவதற்கல்ல, யோசிப்பதற்கு வைத்த கலைப்பொருள். ஆனால் பொறியியல் கணக்கு தப்பில்லை. அரை கிலோமீட்டர் உயரக் கோஸ்டரைக் கட்டலாம், அதில் கொல்லாமல் ஓட்டுவதுதான் பாடு.

பராமரிப்பும் மீட்பும்

கிங்டா காவை வீழ்த்தியது அதைவிட உயரமான போட்டியாளர் அல்ல. 2024இல் அது மூடப்பட்டு, 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்துச் சாய்க்கப்பட்டது. அழுத்த எண்ணெயால் இயங்கிய அதன் உந்துபொறி அடிக்கடி பழுதாகிப் பணம் தின்றது. அதன் அண்ணனான டாப் த்ரில் டிராக்ஸ்டரில் 2021இல் வண்டியிலிருந்து கழன்ற உலோகத் துண்டு வரிசையில் நின்ற பெண்ணைத் தாக்கியது. அதோடு அந்த வடிவம் முடிந்தது. காந்த உந்துகையுடன் 2024இல் மீண்டும் திறந்தபோது எட்டே நாளில் வண்டிக் கோளாறால் நிறுத்தி, மறு ஆண்டுதான் ஓட்டினார்கள். உலகச் சாதனைக் கோஸ்டர் வருடத்தில் எத்தனை நாள் ஓடியது என்பதைப் பூங்காக்கள் விளம்பரத்தில் போடுவதில்லை.

சென்னையில் நடந்த விபத்துகளும் உயரத்தால் வந்தவை அல்ல. 2012இல் பூந்தமல்லிப் பக்கம் ஓர் இளம்பெண் இறந்ததும், 2016இல் தாம்பரம் அருகே சோதனை ஓட்டத்தில் ஊழியர் இறந்ததும் கோஸ்டரில் நடக்கவில்லை, தரையையொட்டிச் சுழலும் ராட்டினங்களில் நடந்தவை. காலையில் பூங்கா திறக்குமுன் ஒருவர் சுத்தியலும் டார்ச்சுமாகப் பாதை நெடுக நடந்து, போல்ட் தலைகளில் போட்ட வண்ணக்கோடு விலகியிருக்கிறதா, வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறதா, சக்கரத்தின் பாலியூரித்தேன் உறை உரிந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒரு மணிநேரம்தான் பயணியின் உயிர்க் காப்பீடு. உயரம் கூடினால் அந்த நடை படி ஏறுவதாக மாறும். 200 மீட்டர் என்றால் அறுபது மாடி.

2025 மே 27 அன்று ஈஞ்சம்பாக்கத்துப் பூங்கா ஒன்றில் உயரத்தில் ராட்டினம் நின்றுபோய், முப்பதுக்கும் மேற்பட்டோர் மணிக்கணக்கில் தொங்கினார்கள். தீயணைப்புத் துறையின் ராட்சதத் தூக்குமேடை வந்துதான் இறக்கியது. உலகின் மிகப் பெரிய தீயணைப்புத் தூக்குமேடைகளே ஏறத்தாழ 112 மீட்டர்வரைதான் எட்டும். அதற்குமேல் போகும் கோஸ்டர் தன் மீட்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்: பாதை முழுக்கப் படிக்கட்டு, கோபுரத்தில் லிஃப்ட், மின்சாரம் போனாலும் வண்டியை இழுத்துவரும் மாற்று ஏற்பாடு.

எண்ணூர்க் கரையில் நட்டால்

இரும்பு வேலைக்கு இந்தக் கரையில் குறைவில்லை. காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி-யின் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. கனரக எஃகு வேலை தெரிந்த வெல்டர்கள் மணலியிலும் மாதவரத்திலும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் வளைத்த தண்டவாளத் துண்டுகள் பெட்டகத்தில் வந்து இறங்க, காமராசர் துறைமுகம் பக்கத்திலேயே. தடை வேறு திசையிலிருந்து வருகிறது.

முதலில் புயல். கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 875 சென்னைக்கு நிர்ணயித்த அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. தரையிலிருந்து பத்து மீட்டரில் அளப்பது அது. 200 மீட்டர் உயரத்தில் இன்னும் கூடும். புகைபோக்கி உருண்டையாக, கனத்த கான்கிரீட்டாக நின்று அதைத் தாங்குகிறது. கோஸ்டரின் கோபுரமோ சன்னமான குழாய்களின் பின்னல், மேலே பல டன் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு திரும்பும். புயல் இல்லாத நாளிலும் கடற்காற்று பலத்தால் ஓட்டத்தை நிறுத்த வேண்டியிருக்கும்.

அடுத்து உப்பு. எண்ணூரில் வீட்டு கிரில் கதவு எத்தனை முறை பெயின்ட் கேட்கும் என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். உப்புக்காற்றோடு நிலக்கரிச் சாம்பலும் ஆலைப்புகையும் சேர்ந்தால் போல்ட் இடுக்குகளில் துரு இறங்கும். பிறகு வெயில்: 200 மீட்டர் எஃகு, அதிகாலைக்கும் உச்சிவெயிலில் காய்ந்த நிலைக்கும் இடையே 30 டிகிரி மாறினால் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் நீளும். மண்ணும் இளக்கமான ஆற்றுப்படுகை மண். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைச் சுற்றி பல இடங்களில் அதன்மேல் சாம்பல் படிந்திருக்கிறது. ஆழக் குழித்தூண் இல்லாமல் எதுவும் நிற்காது.

கட்டுகிறவர்களின் பாதுகாப்பையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்தில் வேலை செய்துகொண்டிருந்த 9 தொழிலாளர்கள் இரும்புச் சாரம் சரிந்து இறந்தார்கள்.

இன்னொரு யோசனையும் காதில் விழுவதுண்டு: 2017இல் மூடிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் போன்ற இடங்களைக் கேளிக்கைக்கு விட்டால் என்ன? வெளிநாட்டில் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியின் கால்கரில் கட்டி முடித்தும் ஓடாத அணுமின் நிலையம் பூங்காவாகி, குளிர்விப்புக் கோபுரத்தின் உள்ளே சங்கிலி ராட்டினம் சுற்றுகிறது. டூயிஸ்பர்க் நகரில் உலைக்கழிவு கொட்டிய மேட்டின்மேல் 2011இல் ‘புலியும் ஆமையும்’ என்ற கோஸ்டர் வடிவச் சிற்பம் வைத்தார்கள். வண்டி கிடையாது, படி ஏறி நடக்கலாம். ஆனால் புகைபோக்கியைச் சுற்றிப் பாதை சுற்றுவது நடக்காது. அது காற்றுக்கும் தன் எடைக்கும் கணக்கிட்டுக் கட்டியது. நிமிடத்துக்கொரு முறை பக்கவாட்டில் உலுக்கும் வண்டிக்கு அல்ல. கோபுரத்தைச் சுற்றி இறங்கும் கோஸ்டர் ஒன்றை அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 170 மீட்டரில் அறிவித்தார்கள். ‘ஸ்கைஸ்கிரேப்பர்’ என்ற அந்தத் திட்டம் கடைசிவரை படத்தில்தான் இருந்தது.

பணக்கணக்கு எல்லாவற்றையும் முடித்துவைக்கும். தமிழர் பெருவாரியாக வாழும் டொரன்டோவுக்கு அருகே ‘கனடாஸ் வொண்டர்லேண்ட்’ பூங்காவில் 2012இல் கட்டிய ‘லெவியதன்’ 93 மீட்டர். மணிக்கு 148 கி.மீ. அதற்கு 2.8 கோடி கனேடிய டாலர் ஆனது, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 150 கோடி ரூபாய். இள்ளலூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட ராட்டினங்களோடு மொத்தப் பூங்காவையும் கட்டிய தொகையில் கால் பங்கு அது, ஒரே ஒரு ராட்டினத்துக்கு.

இனி எவ்வளவு

இன்றைய நிலையில் 200 முதல் 250 மீட்டர்வரை ஒரு கோஸ்டர் வரலாம். மலைச்சரிவும் எண்ணெய்ப் பணமும் சேரும் இடத்தில் வரும். 300ஐத் தாண்ட வேண்டுமானால் வளைவுகளை மிகவும் விரித்து, விசையைக் குறைத்து, நீளத்தை ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு இழுக்க வேண்டும். அப்போது அது பயமுறுத்தும் வண்டி என்பதைவிடக் கூரை இல்லாத அதிவேக ரயிலாகிவிடும். அபுதாபியின் ‘ஃபார்முலா ரோஸா’ 2010 முதல் மணிக்கு 240 கி.மீ. ஓடுகிறது; முன்னிருக்கைக்காரர்கள் மணலுக்கும் பூச்சிக்கும் கண்ணாடி போட்டே ஏற வேண்டும்.

தீவிரம் வேறு வழிகளில் கூடிக்கொண்டிருக்கிறது. செங்குத்தையும் தாண்டி உள்நோக்கிச் சரியும் இறக்கம் இப்போது 121 டிகிரிவரை வந்திருக்கிறது. இங்கிலாந்தின் ‘ஸ்மைலர்’ ஒரே ஓட்டத்தில் 14 முறை தலைகீழாக்குகிறது. காந்த உந்துகை வந்தபின் ஒரே பாதையில் இரண்டு மூன்று இடங்களில் வண்டியை மறுபடி உந்தலாம், பின்னோக்கியும் ஓட்டலாம். இவற்றுக்கு 40 மீட்டர் உயரமே தாராளம், இரண்டு ஏக்கர் இடம் போதும். தமிழ்நாட்டில் அடுத்து வரப்போகும் பெரிய கோஸ்டர் இந்த ரகமாகத்தான் இருக்கும். வடசென்னைக்கு ஒன்று வருமானால் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும்போதே பூட்டிவிடக்கூடியதாக, துத்தநாகத்தில் தோய்த்த எஃகில், 60 மீட்டருக்குள், தூக்குமேடை எட்டும் உயரத்தில் கட்டுவதே புத்தி.